தேசம்மாவின் மெட்டி

என் பெண்டாட்டி தேசம்மாவுக்குக் கடலென்றால் பயமில்லை, போலீசென்றால் பயமில்லை, நானென்றால் சுத்தமாகப் பயமில்லை. அப்பேர்ப்பட்டவள் ஒரு சின்ன வெள்ளை மாத்திரைக்குப் பயந்தாள்.

போன வருஷம் அவளுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். அது ரத்தத்தைச் சரியாகத் தள்ளாததால் உடம்பில் நீர் தேங்குமாம். உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, தினமும் காலையில் எடை பார், நீர் பிரிய இந்த மாத்திரையைப் போடு என்றார். கருவாட்டை விட்டாள், ஊறுகாயை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரையையும் விட்டாள். ஊரூர் குப்பத்து மணலில் அவளுக்கு மீன் நன்றாக விற்கும் நாள் அதுதான்.

"அத்த போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்கு வருதுயா. வஞ்சிரத்த நாய்கிட்ட குட்துட்டு வூட்டுக்கு ஓட சொல்றியா?"

ஞாயிறோடு சனி சேர்ந்தது, பிறகு வெள்ளியும். எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கடியில் போயிற்று. நாளெல்லாம் மீன் நிறுக்கிறவள் தானும் தராசில் ஏற வேண்டுமா என்று எரிந்து விழுந்தாள்.

பக்கத்துக் கடைத் தாயம்மா ஒருநாள், "அக்கா, மூஞ்சி பூசினாப்புல கீது. மாமா நல்லா கவனிச்சிக்கிறாரு போல" என்றாள். தேசம்மாவுக்கு வாயெல்லாம் பல். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் கூடையோடு கிளம்பியவள் சந்து முனைகூடத் தாண்டவில்லை. மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கால்கள் வீங்கியிருந்தன. வலது கால் மெட்டி சதைக்குள் புதைந்து, விரல் கறுத்துப் போயிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்ஸ் ஜுவேரியா அவள் காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, தண்ணி. மெட்டிய வெட்டணும். இல்லேன்னா விரல் போயிடும்."

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளுக்குக் கத்த மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ! "புருஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கசொல்ல மெட்டிய அறுப்பியா?" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று அம்மிமேல் வைத்துப் பிடித்த கால் அது. அதற்குப் பிறகு நான் அதைத் தொட்டதேயில்லை. நர்ஸிடமிருந்து கட்டரை வாங்கிக்கொண்டு அவள் காலடியில் குந்தினேன்.

"நான் போட்டது, நானே எடுக்கறேன். மெட்டிய வாங்கிக்கலாம் தேசம்மா. உன்ன எங்கடி போய் வாங்குவேன்?"

இழுத்துக்கொண்ட காலை அவளே நீட்டினாள். நான் வெட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கியது.

சில நாளில் நீர் வடிந்து மூச்சு சீரானது. அவள் மாத்திரையை விட்ட காரணத்தை டாக்டரிடம் நான் சொன்னேன். மீன் விற்கும் நாளில் அதை வியாபாரம் முடிந்து மத்தியானம் போட்டுக்கொள்ளலாமே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார் டாக்டர்.

"ஆம்பள டாக்டராண்ட ஒண்ணுக்குக் கதைய எப்டியா பேசறது?" என்று என் காதோடு சொன்னாள். அடிப்பாவி, அந்த ஒரு வெட்கத்துக்காகச் சாகக் கிடந்தாயே என்று வந்த கோபத்தை மென்று விழுங்கினேன்.

புது மெட்டி வாங்கிப் போட்டேன். இப்போது தினமும் காலையில் மெஷினில் ஏறி இறங்கியதும் அவள் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள். மெட்டி லேசாகச் சுற்றுகிறதா என்று நான் திருகிப் பார்ப்பேன். சந்தே சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்கிறவனா வந்து எனக்குச் சோறு போடப் போகிறான்?

போன ஞாயிறு விடியும் முன்பே ஐஸ் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது கடையில் வஞ்சிரம் குவிந்து கிடந்தது. காரில் வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். தேசம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"யோவ், ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறிக்கீது. மெட்டி சுத்தல. நர்ஸம்மாக்குப் போன் பண்ட்டேன், வர சொல்ச்சு. ஆட்டோ புடி."

மீனைத் தாயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். என்னால் நம்பவே முடியவில்லை.

"வஞ்சிரத்தயே வுட்டுட்டு வர்றியே, உசுரு மேல அவ்ளோ ஆசையா?" என்று சீண்டினேன்.

"உசுரு கெடக்குது. அன்னிக்கு வெட்டசொல்ல நீ அழுத பாரு, அத்த இன்னொருவாட்டி என்னால பாக்க முடியாதுயா."

"அது வேர்வைடி."

"ஏசி ரூம்லயா?" என்றாள்.