இரண்டு முறைகளும் ஒரு புகையிலை உருண்டையும்

டாக்டர் குணசேகரனுக்கு நோயாளியின் முகம் பிடிக்காது, திரைதான் பிடிக்கும். தஞ்சாவூரில் எங்கள் மருத்துவமனைக்கு வீடியோ கருவி வந்ததிலிருந்து, மயக்க மருந்துத் துறையின் தலைவரான அவர் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். தொண்டையைத் திரையில் பார்த்தபடி மூச்சுக்குழலுக்குள் டியூப் போட இரண்டு வழிகள். வளைத்த கம்பியை உள்ளே வைத்து டியூபை நேராக நுழைக்கலாம். அல்லது மெல்லிய குச்சியை முதலில் விட்டு, அதன்மேல் டியூபை இறக்கலாம். எது சிறந்தது என்று மாநாட்டில் வாசித்துக் கைதட்டல் வாங்க வேண்டுமாம்.

அன்று ஆபரேஷன் மேஜையில் ஆனந்தவல்லி. பாபநாசம் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவர், பித்தப்பையில் கல்.

"சாப்பிட்டியாம்மா?" திரையைத் திருப்பிக்கொண்டே கேட்டார் எங்கள் ஆராய்ச்சி மகான்.

"பச்சத்தண்ணிகூட பல்லுல படலங்க."

"வாயைப் பாத்துட்டீங்களா சார்?" என்றேன், அவருக்குக் கீழே மயக்க மருந்து டாக்டராக இருக்கும் நான்.

"எல்லாம் திரையில தெரியும், குந்தவை."

மருந்து ஏறியது. அந்த அம்மாவின் மூச்சு நின்றது. இனி நாங்கள்தான் மூச்சு. தலைவர் கேமராவை உள்ளே விட்டார். திரை முழுக்கப் பழுப்பு.

"லென்ஸ்ல பனி. துடைச்சுக் குடுங்க."

துடைத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் பழுப்பு.

"சரி, குச்சியக் குடுங்க. ரெண்டாவது முறையைப் பாப்போம்."

ஆக்சிஜன் இறங்க இறங்க மானிட்டரின் சத்தமும் இறங்கியது. ஆனந்தவல்லியின் உதடு நீலம் பூத்தது. இந்த மனிதரோ டிவியில் படம் தெரியாத வீட்டுக்காரர்போலத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அந்த அம்மாவின் வாயைத் திறந்து, என் கண்ணால் பார்த்தேன். இடுக்கியில் வந்தது ஊறிய புகையிலை, எலுமிச்சம்பழ அளவுக்கு. முகமூடியை வைத்து ஆக்சிஜன் பையை அழுத்த அழுத்த உதட்டின் நிறம் திரும்பியது. பிறகு அவருடைய கேமராவிலேயே டியூபைப் போட்டேன். கேமரா பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இந்தக் கேஸ ஆய்வுல சேக்க வேணாம்" என்றார் தலைவர். வெட்கம் கெட்ட மனிதர்.

மாலையில் வார்டில் கரகரத்த குரலில் ஆனந்தவல்லி கேட்டார்: "கன்னத்துல அடக்கியிருந்தது எங்கங்க?"

"எடுத்துட்டோம். முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சாப்பிட்டியான்னுதான கேட்டாரு? பொகையிலை சாப்பாடாங்க? வாயத் தொறன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துப்பியிருப்பேன்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தலைவர் காதில் அது விழுந்தது. அப்போதும் அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.