ஒரு தகவலுக்கு ஒரே இடம்

எங்கள் கம்பெனியில் டிரைவர் செல்லப்பனுக்கு மூன்று பெயர். இங்கிலீஷில் ஒரு வரியில் எஸ் போட்டு எழுதியிருக்கும், இன்னொரு வரியில் சி போட்டு, மூன்றாவதில் நடுவே ஓர் எழுத்தைத் தின்றுவிட்டு. கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள். சம்பளம் மட்டும் ஒன்றுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ் கம்பெனி அது. ஆபீஸில் நான் ஒருத்திதான். கம்ப்யூட்டரில் எல்லாமே ஒரே டேபிள். பயணியின் பெயர், ஏறும் இடம், பஸ் நம்பர், டிரைவர் பெயர், டிரைவர் போன், தொழிற்சாலை என்று ஒவ்வொரு வரியும் நீண்டுகொண்டே போகும். ஒரு டிரைவர் போன் நம்பரை மாற்றினால், அவர் பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேர் வரியிலும் நான் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்த மனுஷன் விடியற்காலையில் செத்துப்போன நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்பான். ஒரு தடவை ஒரு ஸ்டாப்பில் ஏறுகிற ஒரே பெண் வேலையை விட்டுவிட்டாள். அவள் வரியை அழித்தேன். அதோடு அந்த ஸ்டாப்பும் காணாமல் போய்விட்டது. பிறகு வந்து கேட்டவரிடம் அங்கே நமக்கு ஸ்டாப்பே இல்லை என்று நான் சண்டை வேறு போட்டேன்.

அந்தக் குப்பையில் எது எங்கே கிடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி ரமணனை டிரைவர்கள் தவுக்கே என்பார்கள். நான் அண்ணா என்பேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. என் கல்யாணத்தில் அண்ணன் ஸ்தானத்தில் நின்று எனக்குப் பொரியிட்டவர் அவர்தான். போன வருஷம் ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யுவனேஸ், எல்லாம் உன் தலைக்குள்ளயே இருந்தா நீ எப்பம்மா லீவு எடுப்ப? யார் பார்த்தாலும் புரியிற மாதிரி சரி பண்ணி வைலா. நீயும் நாலு இடம் போய்ட்டு வரணும்."

நான் உருகிப்போனேன். இத்தனை வருஷத்தில் என் லீவைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள்.

டிப்ளோமாவில் படித்த நார்மலைசேஷனைத் தூசி தட்டி எடுத்தேன். பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ஒரு தகவலுக்கு ஒரே இடம். டிரைவரின் போன் நம்பர் டிரைவரைப் பற்றிய சேதி, அது பயணியின் வரியில் ஏன் கிடக்க வேண்டும்? டிரைவருக்கு ஒரு டேபிள், பஸ்ஸுக்கு ஒன்று, ஸ்டாப்புக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று. பயணியின் வரியில் எந்த ஸ்டாப், எந்த பஸ், எந்தத் தொழிற்சாலை என்பதற்கு ஒவ்வோர் எண் போதும். டிரைவர் யாரென்று பஸ்ஸுக்குத் தெரியும். டிரைவர் டேபிளில் முதல் வரியாக என் வீட்டுக்காரர் ரூபேந்திரனைப் போட்டேன். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர்தான். கட்டிய பெண்டாட்டி இந்தச் சலுகைகூடச் செய்யக் கூடாதா?

மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்தேன். செல்லப்பன்கள் மூவரையும் ஒருவராக்கினேன். ரமணன் அண்ணா அடிக்கடி வந்து "எவ்ளோ தூரம்மா?" என்று கேட்பார். ரூபேனும் சாப்பிடும்போது கேட்பார். என் வேலையில் ரெண்டு பேருக்கும் இத்தனை அக்கறையா என்று பூரித்துப்போனேன்.

கடைசியில் ஒருநாள் செல்லப்பனின் நம்பரை ஒரே இடத்தில் மாற்றினேன். எல்லாப் பயணிக்கும் மாறிவிட்டது. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன், பைத்தியக்காரி மாதிரி.

அடுத்த புதன்கிழமை சிங்கப்பூரிலிருந்து லோஷினி என்ற பெண் வீடியோ காலில் வந்தாள். கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்யப்போகிறவர்கள், டேபிள்களை விளக்கிக் காட்டு என்று அண்ணா சொல்லியிருந்தார். காட்டினேன்.

"ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க அக்கா. எங்க டீமே இனிமே பார்த்துக்கலாம். நீங்க போனதுக்கு அப்புறம் ஏதாச்சும் டவுட்னா மட்டும் போன் பண்ணலாமா?"

"நான் எங்க போறேன்?"

அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "சாரி அக்கா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்று லைனை வைத்துவிட்டாள்.

நேரே அண்ணாவின் அறைக்குப் போனேன். அவர் மழுப்பவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கம்பெனியை விற்றுவிட்டார். வாங்குகிறவர்கள் பஸ்ஸையும் டிரைவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆபீஸ் வேலை சிங்கப்பூரிலேயே நடக்கும். டேபிள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

"அப்ப அந்த லீவு கதை?"

"நேரா சொன்னா நீ மனசொடிஞ்சு போயிடுவேன்னுதான்மா..."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் டிப்ளோமா படித்து வைத்துக்கொண்டேன். விற்றது அவர் இஷ்டம், அவர் கம்பெனி. என்னை வேலையை விட்டு நிறுத்தியதுகூடப் போகட்டும். ஆனால் என் மேல் பாசம் காட்டி என்னை வைத்தே என் இடத்தைக் காலி பண்ண வைத்தாரே, அதுதான் வயிறெரிகிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்கூடாய் ஜாமில் அழுதுகொண்டே காரை ஓட்டினேன். வீட்டுக்குப் போனால் ரூபேன் இருப்பார், அவரிடம் கொட்டித் தீர்த்துவிடலாம் என்ற ஒரே நினைப்புதான்.

அவர் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க" என்றேன்.

"இன்னைக்கேவா? வெள்ளிக்கிழமை சொல்றேன்னுல்ல சொன்னாரு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாடியே." கண்ணைப் பார்க்கவில்லை. "டிரைவருங்களை எடுத்துக்குவாங்கன்னாரு. ஆனா டேபிள் முடிஞ்சாதான் விக்க முடியுமாம். உனக்குத் தெரிஞ்சா பாதியில விட்டுருவன்னு பயந்தாரு. ரெண்டு பேருக்கும் வேலை போனா வீட்டுக் கடனை யார் கட்டுறது, சொல்லு?"

செல்லப்பனைப் பற்றிய சேதி செல்லப்பனின் வரியில்தான் இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மாரடித்தேன். என்னைப் பற்றிய சேதி ரமணனிடம் இருந்தது, சிங்கப்பூரில் முகம் தெரியாத பெண்ணிடம் இருந்தது, என் படுக்கையில் பக்கத்தில் படுத்திருந்தவரிடம் இருந்தது. என்னிடம்தான் இல்லை.

"அண்ணா அப்படி நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு. பாதியில விட்டுருவேன்னு நீங்களும் நெனச்சீங்களா?"

அயர்ன் பாக்ஸின் சுவிட்சை அணைத்தார். அப்புறம் மெதுவாக, "நீ கோவக்காரி யுவனா" என்றார்.

ஆமாம், கோபக்காரிதான். தட்டை எறிந்திருக்கிறேன், கதவை அடித்துச் சாத்தியிருக்கிறேன், இவரோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் இருட்டில் எழுந்து வந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற சனங்களை நடுரோட்டில் விடுகிற கோபம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ரமணனுக்கு அது தெரியாமல் இருக்கலாம். என்னோடு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கும் தெரியவில்லை.