மகள் ஏறாத வேன்

சேரப்பணஞ்சேரியில் பெண்கள் தங்கும் விடுதி வாசலில் காலை ஷிப்டுக்கு வேன் வந்து நின்றால் ஹாரன் அடிக்கும் வேலையே இல்லை. ஈரத் தலையும், கையில் டிபன் டப்பாவும், வாயில் பாதி இட்லியுமாக ஓடிவந்து ஏறிவிடுவார்கள். எல்லாரும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. வேன் நடேசனுடையது. ஓட்டுவதும் அவர்தான்.

நடேசனைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். குடிக்க மாட்டார். பெண்களிடம் ஒரு கோணல் பேச்சு கிடையாது. மழை பெய்தால் விடுதிப் படி வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் ஒரு மாதமாக அந்தப் பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மிதித்தால் பெடல் பாதியில் நிற்க வேண்டாமா? இது அடிவரைக்கும் இறங்கியது. காலை எடுத்து உடனே இன்னொரு முறை மிதித்தால் பிடித்தது. முதலில் நடேசனும் பயந்துபோய், ஒரகடம் கூட்டுரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ராமச்சந்திரனிடம் காட்டினார். ராமச்சந்திரன் நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறையவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்தபடி பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்த பிடியிலேயே பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது.

"பாத்தியா? வெளிய லீக்கே இல்ல. மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் தேஞ்சி போய்கீது. நீ மிதிக்கிற ஆயில் சக்கரத்துக்குப் போவாம உள்ளயே திரும்பிக்கினு கீது. மாத்தணும். வண்டிய இன்னிக்கு உட்டுட்டுப் போ."

"இன்னிக்கா? ஒரு நாள் வரலன்னா கம்பெனில வேற வண்டி போட்டுடுவான்பா. ரெண்டு வாட்டி மிதிச்சா நிக்குது இல்ல? என் கால் பழகிடுச்சி."

கால் பழகிவிட்டதாம்! அந்தச் சாலையில் வேன் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் பேச்சு இது. பழுதைச் சரிசெய்யாமல் பழுதோடு ஓட்டக் கற்றுக்கொள்வதைத் தொழில் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் மறுநாளே நடேசன் ஒரு காரியம் செய்தார். அவர் மகள் கார்முகில் தண்டலம் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் இந்த வேனில்தான் ஒரகடம் வரை வந்து பஸ் மாறுவாள். "வண்டில நெரிசலா கீதும்மா. நீ வூட்டாண்டயே பஸ் ஏறிக்கோ" என்று அவளிடம் சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னைத்தானே அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

அப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை லேசான தூறல். கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வேனுக்கு முன்னே போய்க்கொண்டிருந்த கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றது. நடேசன் மிதித்தார். பெடல் கீழே போனது. மறுபடி மிதித்தார். அப்போதும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே மூன்றாம் முறை மிதித்தபோது வண்டி வழுக்கி, லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பின்னால் ஒரே கூச்சல். டிபன் டப்பாக்கள் உருண்டு சாம்பார் கொட்டியது.

கூச்சல் அடங்கிச் சிரிப்பானது. முன்சீட்டில் இருந்த செல்வலட்சுமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! அண்ணே, நீங்க சுதாரிக்கலன்னா எல்லாரும் லாரிக்குள்ள போயிருப்போம்லா! எங்க அப்பாட்ட இதத்தான் சொல்லுவேன். நடேசண்ணன் வண்டிலதான் போறேன், கவலப்படாதீங்கன்னு."

நடேசனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் விடவில்லை.

"கார்முகில் பஸ்ல தொங்கிட்டுப் போறத நேத்து பாத்தேன்ணே. பாவம், மழ வேற. நாளைலேர்ந்து நம்மகூட வரச் சொல்லுங்க. நாங்க நெருக்கி உக்காந்துக்கிடுதோம்."

"வேணாம்!"

அவர் போட்ட சத்தத்தில் செல்வலட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏம்ணே?"

சொல்வதற்குப் பொய்யா இல்லை? பஸ் பாஸ் இருக்கிறது, தோழிகளோடு போகிறாள் என்று எத்தனையோ சொல்லலாம். ஒன்றும் வாயில் வரவில்லை. "பிரேக் சரியில்லம்மா" என்றார். "ஒரு மாசமா எனக்குத் தெரியும். அதான் அவள ஏத்தல."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. செல்வலட்சுமி கொட்டிப்போன டப்பாவை மூடினாள். "எங்கள மட்டும் எப்பிடிண்ணே ஏத்துனிய?" என்றாள்.

 நடேசன் இறங்கிப் போய்ச் சாலையில் நின்று, பின்னால் வந்த கம்பெனி பஸ்ஸை மறித்துப் பெண்களை ஏற்றிவிட்டார். ஒருத்தியும் அவரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. வேன்களைக் கவனிக்கும் கம்பெனி ஆளுக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னார். "அப்ப வேற வண்டி பாத்துக்கறோம்" என்று அந்த ஆள் வைத்துவிட்டான். வேனைக் கயிறு கட்டி இழுத்துத்தான் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்.

ராமச்சந்திரன் சிலிண்டரை மாற்றி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த மண்ணாங்கட்டி என்ற இன்னொரு வேன்காரர் எட்டிப்பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நடேசா, வாயக் குடுத்து ட்ரிப்பத் தொலச்சிட்டியாமே! ரெண்டு வாட்டி மிதிக்க வலிச்சுதா? என்துல மூணு வாட்டி மிதிக்கணும். நான் ஓட்டல?"

"உம் பையன ஸ்கூல்ல எதுல உடற?"

"பைக்ல."

"வேன்தான் சும்மா நிக்குதே, அதுல உடறதுதான?"

நடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம புள்ளய ஏத்த பயப்படற வண்டில ஊரான் புள்ளய ஏத்தறோம் பாரு, அது சாமர்த்தியம் இல்லப்பா, கொல. அதுங்கள பெத்தவன் எங்கயோ திருநெல்வேலில உக்காந்துகினு நம்மள நம்பிக்கினு கீறான். நம்ம புள்ளைக்கு ஆவாத வண்டி எவன் புள்ளைக்கும் ஆவாது. இது எனக்கு ஒரு மாசமா தெரியும். தெரிஞ்சிதான் ஓட்டினேன். செத்தாலும் இந்த வெக்கம் என்ன உட்டுப் போவாது."