யார் மரம் என்று கேட்கவில்லை

1932ஆம் வருஷம், டுரியான் பழப் பருவம். மலாயாவின் குளுவாங் கோர்ட்டுக் கூண்டில் ஜெபெங் நின்றிருந்தார். காட்டில் வாழும் ஜாக்குன் இனத்தவர். ரப்பர் தோட்டத்து எல்லைக்குள் புகுந்து பழம் திருடியதாக வழக்கு.

"பழத்தை எடுத்தாயா?" என்று நீதிபதி மலாயில் கேட்டார்.

"எடுத்தேன்."

காட்டு மக்களின் வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தன. ஒரு கேள்வி, ஒரு பதில், பிறகு சிறை. ஆனாலும் தண்டனை சொல்லுமுன் சாட்சியைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார் நீதிபதி.

சாட்சி, தோட்டத்தில் புல் வெட்டும் கருப்பாயி. "எடுத்தத பாத்தேன்னு மட்டும் சொல்லு. வேற பேச்சு வேணாம்" என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஐயாசாமி வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனால் லாக்கப்பில் சோறு இறங்காமல் ஒடுங்கிப் போயிருந்த ஜெபெங்கின் முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"இவர் பழம் எடுத்தத பாத்தீங்களாம்மா?" என்று தமிழில் கேட்டார் மொழிபெயர்ப்பாளர் அப்துல் ஹலீம்.

"பாத்தேங்க. பட்டப்பகல்ல, எங்க கண்ணு முன்னாலதான் எடுத்தாரு. எங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு."

கிராணி கனைத்தார். கருப்பாயி நிறுத்தவில்லை.

"அவங்க அப்பா நட்ட மரமாம். எங்கிட்ட சொன்னாரு. தோட்டத்துக்கு முந்தியே நின்ன மரமுங்க அது. ரெண்டு பேரு சேந்து கட்டிப்புடிச்சாலும் கை எட்டாது."

அப்துல் ஹலீம் அதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். நீதிபதி ஜெபெங்கிடம் திரும்பினார். "இதை ஏன் சொல்லவில்லை?"

"எடுத்தாயா என்றீர்கள். எடுத்தேன். யார் மரம் என்று கேட்கவில்லையே."

நீதிபதி கிராணியைக் கூப்பிட்டு விசாரித்தார். தோட்டம் திறந்து பத்து வருஷம்தான் ஆகிறது, அந்த மரத்தைத் தோட்டம் நடவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தன்னுடையது என்று நம்பி வெளிப்படையாக எடுத்தது திருட்டாகாது என்று சொல்லி ஜெபெங்கை விடுதலை செய்தார் நீதிபதி.

"நாளையிலேருந்து உனக்கு மேட்டுக்காட்டுல இடுப்பொடியிற வேலைதான்" என்று வாசலில் உறுமினார் கிராணி.

"சரிங்க கிராணி" என்றாள் கருப்பாயி. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஜெபெங் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கருப்பாயியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, வெற்றிலையை நீட்டினாள். கருப்பாயி தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கிராணியைப் போலவே உறுமிக் காட்டினாள். அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.