சுவா வீட்டுத் தேநீர்

சீனக் குடியரசின் பதினான்காம் ஆண்டு குளிர்காலத்திலிருந்து, சுவா வீட்டில் எந்தக் கோப்பையில் எத்தனை சொட்டுத் தேநீர் ஊற்றினாலும் அது தானாக ஏறி விளிம்புவரை நிரம்பிக்கொண்டது. அதே குளிர்காலத்தில் உப்பு விலையும் இறங்கியது. இரண்டையும் ஊரார் ஒரே மூச்சில் பேசினார்கள்.

வேறு ஊரானால் இதை நல்ல சகுனம் என்று கொண்டாடியிருப்பார்கள். ஹான் ஆற்றங்கரையில் நாங்கள் தேநீரை முக்கால் கோப்பைக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஊற்றுவோம். மேலே காலியாக விடும் இடம் வந்தவருக்கான பிரியம். மதுவை வழிய வழிய ஊற்றலாம், மரியாதைதான். தேநீரை நிரப்பி வைத்தாலோ, குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். கதவைக் காட்டுவதைவிட அது கடுமையானது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆகவே திருப்பிச் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

முதல் முறை அது தானாக நிரம்பவில்லை. சுவா வீட்டு இளைய மருமகள் பெக்-லியன்தான் நிரப்பினாள். மாமனார் மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தவள் அவள். மூத்த மகன் ஹோக்-சுன் சயாமில் அரிசி ஆலையில் இருந்தான். மூன்று கடிதம் போயிற்று, அவன் வரவில்லை. கிழவர் வாசலைப் பார்த்தபடி செத்துப்போனார். அதற்கு இரண்டு வருடம் கழித்து ஹோக்-சுன் ஒரு பிரம்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்து, கிழக்கு அறையில் இருந்துகொள்ளலாமா என்று தம்பியைக் கேட்டான். பெக்-லியனின் கணவனான தம்பி ஹோக்-செங் தரையைப் பார்த்தான். பெக்-லியன் ஒலிவக் கொட்டைக் கரியை ஊதி, பீனிக்ஸ் மலைத் தேயிலையைப் போட்டு, மூத்தவனின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். அவன் அதைப் பார்த்தான். நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினான். கொதிக்கும் கோப்பையை ஒரு துளி சிந்தாமல் எடுத்துக் குடித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். சயாமுக்குத் திரும்பவில்லை. அக்கரையில் மூங்கில் தெப்பம் கட்டும் இடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை ஹோக்-செங் தனக்கு ஊற்றிய தேநீர் நிரம்பிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊற்றியதும் நிரம்பிற்று. அது தானாக நிரம்பியது என்று தெரிந்து அவர் சிரித்தபடிதான் உட்கார்ந்திருந்தார், ஆனால் அவர் முழங்கால்கள் தாமாக நிமிர்ந்து அவரை வாசலுக்குக் கொண்டுபோயின. அதன்பின் எல்லா விருந்தாளிக்கும் அப்படியே. கொண்டுவந்த ஜோடி ஆரஞ்சுகளை மேசையில் வைப்பார்கள், கோப்பையைப் பார்ப்பார்கள், கால்கள் எழுந்துவிடும். கோப்பைகளை மாற்றினார்கள். திசை பார்ப்பவர் சொன்னபடி வாசலை ஒரு சாண் நகர்த்தினார்கள். வெந்நீர் சொன்ன பேச்சைக் கேட்டது, கஞ்சி கேட்டது, தேநீர் மட்டும் கேட்கவில்லை. வாசற்படிக்கு வெளியே ஊற்றினால் ஒழுங்காக நின்றது. ஆனால் யாரைத்தான் தெருவில் உட்காரவைத்து உபசரிப்பது?

பதினொரு வருடம் இப்படிப் போனதில் பெக்-லியனின் மகள் சியூ-ஹுங்குக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் தாய் பெண் வீட்டில் உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்தால்தான் சம்மதம். நான்கு தாய்மார்கள் வந்தார்கள், நான்கு பேரும் எழுந்து போனார்கள். ஐந்தாவதாக வந்தவள் ஊறுகாய்க் கடை கோர் அம்மாள். அவள் மகன் எங்-குவான், சியூ-ஹுங்கைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தான். அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கால்கள் நாற்காலியோடு சேர்த்து அவளை வாசலுக்கு நடத்தின.

"நானா போகல பெக்-லியன், என் கால் போகுது!" என்று படியிலிருந்து கத்தினாள். "வசந்தத்துல முன்னோர் கல்லறை துடைக்கற திருநாளுக்குள்ள இன்னொரு தடவை வரேன். அன்னிக்கும் இப்படித்தான்னா, என் பையன் அழுதாலும் வேற இடம் பாத்துடுவேன். நாற்காலிய அப்புறமா அனுப்பிவைக்கறேன்."

அன்று சியூ-ஹுங் அழவில்லை. மூன்று கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அம்மா, பெரியப்பா இன்னும் அக்கரையிலதான இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள்.

பெக்-லியன் மறுநாள் ஆற்றைக் கடந்தாள். ஹோக்-சுன் மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தான், நிமிரவில்லை.

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. வீட்டுக்கு வாங்க பெரியத்தான்."

"எதுக்கு? இன்னொரு தடவ எழுப்பி விடவா?"

"உங்கப்பாவுக்கு மூணு வருஷம் நான் பண்ணினேன். நீங்க வரல. எனக்கு வந்த கோபம் தப்பில்ல. இப்பவும் தப்புன்னு சொல்லமாட்டேன்." அவள் நின்று மூச்சுவாங்கினாள். "கோப்பைய நிறைச்சது தப்பு. திட்டியிருக்கணும். நாலு வார்த்த திட்டிட்டு, குறைச்சு ஊத்தியிருக்கணும்."

"திட்டியிருந்தா நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"கடிதம் மூணும் கைக்கு வந்துச்சுன்னு. கப்பல் ஏறக் காசு இருந்துச்சுன்னு." அவன் அரிவாளைக் கீழே வைத்தான். "வெறுங்கையோட எப்படி அவர் மூஞ்சில முழிக்கறதுன்னு இருந்துட்டேன். அப்புறமும் வெறுங்கையோடதான் வந்தேன்."

பெக்-லியன் பதினொரு வருடத்துத் திட்டுகளையும் அந்த ஆற்றங்கரையில் திட்டி முடித்தாள். தெப்பக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவன் குடிசைக்குள் போய்ப் பிரம்புப் பெட்டியைத் தேடி எடுத்தான்.

குறித்த நாளில் கோர் அம்மாள் வந்து வாசற்படியிலேயே நின்றபோது ஹோக்-சுன் பிரம்புப் பெட்டியோடு மேசையருகே உட்கார்ந்திருந்தான். பெக்-லியன் தேநீர்க் கெண்டியைச் சாய்த்தாள். சுண்டுவிரல் நகத்தளவு தேநீர் ஹோக்-சுன் கோப்பையில் விழுந்தது. அது ஏறியது. பாதி, முக்கால், விளிம்பு. சியூ-ஹுங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹோக்-சுன் எழுந்திருக்கவில்லை. அவன் கால்கள் தரையில் கிடந்தபடியே கிடந்தன. தேநீர் ஆறியது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள், மறுபடி நிரம்பிற்று, அவன் உட்கார்ந்தே இருந்தான். பிறகு கோப்பையைத் தொடாமல் தலையைக் குனிந்து, அது மேசையில் இருந்தபடியே உறிஞ்சினான். ஏழு முறை அப்படி ஆயிற்று. தேயிலை வெளுத்துச் சக்கையானது.

"என்ன மனுஷர் இவரு?" என்று கோர் அம்மாள் படியிலிருந்தே கேட்டாள். "எழுந்திருக்கவே மாட்டேங்கறாரே!"

"எங்க எழுந்து போறது?" என்றான் அவன். "இது என் வீடு."

அப்போதுதான் ஹோக்-செங் பதினொரு வருடம் கழித்துத் தரையிலிருந்து கண்ணை எடுத்தான். "ஆமா, அண்ணன் வீடு," என்றான். எழுந்துபோய்ப் பிரம்புப் பெட்டியைத் தூக்கிக் கிழக்கு அறையில் வைத்துவிட்டு வந்தான்.

கோர் அம்மாள் உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "பழைய இலையிலயா எனக்கு ஊத்தப்போற? புதுசு போடுடி. பொண்ணு எடுக்க வந்தவ நான், வேத்தாளா என்ன?" பெக்-லியன் புதுத் தேயிலை போட்டாள். கோப்பை நிரம்பியது. கோர் அம்மாள் தன் முழங்கால்களை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தாள். அவை அசையவில்லை. அவள் குனிந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. தேநீர் மாறவில்லை, இன்றும் நிரம்பத்தான் செய்கிறது. அதன் காரணத்தை யாரும் தேடுவதில்லை. தபால்காரரும் வரி எழுதுபவரும் அந்த வீட்டுக்குள் வந்தால் மேசைமேல் தலை குனிந்துதான் குடிக்கிறார்கள், சாவகாசமாகப் பேசிவிட்டுத்தான் போகிறார்கள். சுவா வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வருவதில்லை, வருகிறவர்கள் எல்லாரும் வீட்டு மனிதர்கள்தான். மேசைத் துணியை மட்டும் தினமும் இரண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கிறது.