பத்துக்குப் பதினொன்று

சூளையிலிருந்து வந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையை உடைத்து, உடைந்த இடத்தில் ஒரு சொட்டு இங்க் விட்டாள், சரக்கைச் சோதிக்கும் பெரியநாயகி. இங்க் சரசரவென்று உள்ளே இறங்கியது.

"வேவல கயலு. பச்சையாவே இருக்குது."

கயல்விழிக்கு முகம் செத்துவிட்டது. விருத்தாசலத்தில் அந்த செராமிக் கம்பெனிச் சூளையின் சூட்டை ஏற்றி இறக்குவது ஒரு கம்ப்யூட்டர். அதற்குக் கட்டளையிடவென்றே 'அக்கினி' என்று ஒரு குட்டி நிரல்மொழியை உண்டாக்கியிருந்தார் மேனேஜர் பிரபாகரன். அந்தக் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் இன்டர்பிரெட்டரை 'பேசிக்' மொழியில் எழுதியவரும் அவரே. விசிட்டிங் கார்டில் 'மொழித் தந்தை' என்று போட்டுக்கொண்டார். விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஓடிய பழைய பெட்டி சாகக் கிடக்கவே, இன்டர்பிரெட்டர் முழுவதையும் சி மொழிக்கு மாற்றும் வேலை கயல்விழியிடம் வந்தது. வெள்ளிக்கிழமை புதுக் கம்ப்யூட்டருக்குத் திறப்பு விழா. மாலைக்கும் மைக்குக்கும் சொல்லியாயிற்று. அன்றைக்கும் வேகாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

"புள்ள எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சி," என்றார் பிரபாகரன். "உன் கை பட்டதும் சளி புடிச்சிக்கிச்சி."

அவள் இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சூளையை இணைக்காமல், ஒரே நிரலை ஓட்டினாள். 'பத்து முறை சூடு ஏற்று' என்ற வரிக்குப் புதியது பத்து முறை ஏற்றியது. பழையது பதினொரு முறை. தந்தையார் பூஜ்யத்தில் எண்ணத் தொடங்கிப் பத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தார். சூளைக்காரர்கள் வெந்த சரக்கைப் பார்த்துப் பார்த்தே எண்களைப் போட்டவர்கள். அந்தத் தப்பும் பக்குவத்தில் சேர்ந்துவிட்டது. இத்தனை வருஷ நிரல்களையும் இனித் திருத்த முடியாது.

"சார், உங்க பத்து பதினொண்ணுங்க."

பிரபாகரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "அது... வேணும்னே வெச்சதும்மா."

"அப்ப நானும் வேணும்னே வெச்சிடுறேன் சார்."

தப்பைச் சேதாரமில்லாமல் சி மொழிக்குக் குடியேற்றினாள்.

வெள்ளிக்கிழமை, "இம்மொழிக்கு நான் உயிரூட்டிய அந்நாளில்..." என்று பிரபாகரன் மைக்கில் தொடங்கியபோது சூளைக் கதவு திறந்தது. நாற்காலிகள் காலியாயின. பெரியநாயகி ஒரு கட்டையை உடைத்தாள். இங்க் தேட யாருக்குப் பொறுமை? உடைந்த இடத்தில் நாக்கை வைத்தாள். வேகாததென்றால் ஒட்டும்.

"வழுக்குதுடீ!" என்று கத்தினாள். "கண்ணாடியாட்டம் வழுக்குது! நீயே பாரு."

இளஞ்சூடான அந்தத் துண்டை வாங்கி, மேடைப் பக்கம் திரும்பி நின்று, கயல்விழி நாக்கை நன்றாக வெளியே நீட்டினாள்.