எண்பத்து நாலாவது பாடத்துக்குப் பிறகு

கடீனா என்கிற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற கிளெனிஸ் பாஸ்கோவுக்குக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டரை மணிவரை வேலை கிடையாது. பண்ணைவீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தால், திரும்ப ஏற்றப் போகும்வரை பகல் முழுக்க அவளுடையது. அந்தப் பகல்களில்தான், ஐம்பத்து மூன்று வயதில், அவள் ப்ளூஸ் ராக் கிட்டார் கற்றுக்கொண்டாள்.

கிட்டாரை அவள் தேடிப் போகவில்லை. பழைய ரொட்டி மெஷினை, தானமாக வருகிற பொருள்களை விற்கும் தருமக் கடையில் கொடுக்கப் போனவள், அங்கே சுவரோரம் சாய்ந்திருந்த சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வீடு திரும்பினாள். பக்கத்து ஊரான வலாரூவின் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் அவள் கணவன் டேரல், ரொட்டி மெஷினாவது சும்மா கிடந்தது என்று மட்டும் சொன்னான்.

ஊரில் சொல்லித்தர ஆள் இல்லை. இருந்தாலும் யார் முன்னாலும் உட்கார்ந்து தப்புத் தப்பாக வாசிக்க அவளுக்கு வெட்கம். அதனால் ஒரு பாட மென்பொருளை வாங்கிக் கணினியில் ஏற்றிக்கொண்டாள். மொத்தம் எண்பத்து நாலு பாடம். திரையின் ஒரு பாதியில் தொப்பி போட்ட மார்ட்டி என்கிற அமெரிக்கன், மறுபாதியில் அவனுடைய இடது கை மட்டும் பெரிதாக. எந்தத் துண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட விடலாம், வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். பின்னால் டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் தானாக ஓடும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மார்ட்டி சிரித்துக்கொண்டே, அருமையாக வாசித்தீர்கள் என்பான்.

"நீ வாசிக்காம டீ குடிச்சுக்கிட்டு இருந்தாலும் அதையேதான் சொல்லுவான் உன் தொப்பிக்காரன்" என்றான் டேரல்.

"நீ அதுகூடச் சொல்றதில்லையே" என்றாள் அவள்.

முதல் மாதங்களில் விரல் நுனிகள் கன்றிப்போயின. ஸ்டியரிங்கைப் பிடித்தால் எரிந்தது. தந்தியை அழுத்தியபடியே மேலே தள்ளி, சுரத்தை வளைத்து ஏற்றுகிற வித்தை படிய மட்டும் நாலு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த அறையிலிருந்து வந்தது வாலை மிதித்த பூனையின் சத்தம்தான். ஒருநாள் காலை அந்தச் சுரம் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. அவள் உடனே அதைத் திரும்ப ஒரு நாற்பது தடவை செய்தாள். அன்றைக்குப் பேருந்தை எடுக்க மறந்தே போகப் பார்த்தாள்.

இரண்டு வருடம் கழித்து எண்பத்து நாலாவது பாடமும் முடிந்தது. திரையில் ஒரு தங்க நட்சத்திரம் சுற்றியது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் பேருந்தின் முன்சக்கரம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததால் டயர் கடைக்குப் போனாள். கடைக்காரி ராஸ் கெம்ப், கிளெனிஸ் கையெழுத்துப் போடும்போது காகிதத்தைப் பிடித்திருந்த இடது கையையே பார்த்தாள்.

"இந்தக் கையில மட்டும் விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கே. எவ்வளவு நாளா வாசிக்கிற?"

பொய் சொல்லத் தோன்றவில்லை, இரண்டு வருடம் என்றாள். ராஸ் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், பப்பின் பின்முற்றத்தில் கூடுகிற கூட்டத்துக்கு டிரம்ஸ் வாசிப்பவள். யார் வேண்டுமானாலும் மேடையேறி இரண்டு பாட்டு வாசிக்கலாம், கிட்டாரோடு வந்து சேர் என்றாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு கிளெனிஸ் டேரலோடு போனாள்.

பாடுபவர் காலின் ஹான்ராகன், ஆட்டு ரோமம் வெட்டியே முதுகு வளைந்துபோன மனிதர். ஏ சுருதியில், பன்னிரண்டு தாள அளவு கொண்ட ப்ளூஸ் சுற்று, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். கிளெனிஸ் தலையாட்டினாள். ராஸ் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணியதும், பார்வையைத் தன் விரல்களில் பதித்தவள் பாட்டு முடியும்வரை நிமிரவில்லை. முப்பத்தோராவது பாடத்தில் கற்றது, நாற்பத்தேழில் கற்றது, அறுபதில் கற்றது எல்லாம் வரிசையாக வந்தன. ஒரு சுரம் பிசகவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். உடம்பெல்லாம் சூடாக, சிரித்த முகத்தோடு இறங்கி வந்தாள்.

திரும்பும்போது டேரல் காரை ஓட்டினான். எப்படி இருந்தது என்று அவள்தான் கேட்டாள். நன்றாக இருந்தது என்றான். அவன் சொன்ன விதம் சரியில்லை. மறுபடி கேட்டாள்.

"நீ வாசிச்சதுல ஒரு குறையும் இல்ல கிளென். ஆனா காலின் பாட ஆரம்பிச்சாரு. மூணு தடவை. மூணு தடவையும் வாயைத் தொறந்து, நீ வாசிச்சுக்கிட்டே இருந்ததால மூடிக்கிட்டாரு. கடைசியில போய் ஒரு பீர் வாங்கிக்கிட்டு வந்து நின்னாரு."

அவளுக்கு அது எதுவுமே தெரியாது. ஓரத்து வயல்களைப் பார்த்தபடி வந்தாள். அந்தக் கைதட்டல் பாட்டு ஒருவழியாக முடிந்ததற்குத்தான் என்று இப்போது பட்டது. வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். மூன்று வாரம் பகல்களில் தோட்டத்தைக் கொத்தினாள். டேரல், தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று இரண்டு முறை சொன்னான். நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள் என்று அவள் இரண்டு முறையும் சொன்னாள்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை ராஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் பேக்கரிப் பை, அதில் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டி மூன்று. மறுகையில் ஒற்றை டிரம்.

"காலின் கோவமா இருக்காரா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"அவருக்கென்ன கோவம்? பாட்டுக்கு நடுவுல பீர் குடிச்சு எத்தனை வருசமாச்சுன்னு சந்தோசமா இருக்காரு."

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கணினியைக் காட்டி, எல்லாம் இதில் கற்றதுதான் என்றாள். ராஸ் ஒரு பாடத்தை முழுக்கப் பார்த்தாள். நல்ல வாத்தியார் என்று ஒத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்லு. இந்த ரெண்டு வருசத்துல நீ வாசிச்சதை இவன் ஒரு தடவையாவது கேட்டிருக்கானா? நீயும் அவன் நிக்கிறானா போறானான்னு பாக்க வேண்டியதில்ல. அவன்பாட்டுக்கு ஓடிக்கிட்டிருப்பான். எங்களுக்குக் காது இருக்கும்மா. நாங்க நிப்போம், நீயும் பாத்து நிக்கணும்."

பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்தார்கள். ராஸ் வேண்டுமென்றே நடுவில் வேகத்தைக் குறைத்தாள், சொல்லாமல் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் கிளெனிஸ், இல்லாத படியில் கால் வைத்தவள்போலத் தடுமாறினாள். என் கையைப் பார், உன் கையை அல்ல என்றாள் ராஸ். ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை எனக்கு விடு என்றாள். சும்மா இருப்பதுதான் கிளெனிஸுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இரண்டரை மணிக்குப் பேருந்து எடுக்க நேரமாகிவிட்டது. மூன்றாவது பாஸ்டி டேரலுக்கா என்று கேட்க மறந்துபோனாள். அடுத்த வியாழனும் ராஸ் வந்தாள், அதற்கடுத்ததும்.

மே மாதக் கூட்டத்துக்குக் கிளெனிஸ் போகவில்லை. ஜூனில் போனாள். அங்கே அது குளிர்காலம், மழை தூறியதால் பப்பின் உள்ளே கணப்படுப்புப் பக்கம் வாசித்தார்கள். அவளைப் பார்த்ததும் காலின் மைக்கைச் சரிசெய்துகொண்டே கேட்டார்: "இன்னைக்கு எனக்கும் கொஞ்சம் எடம் இருக்கா தங்கச்சி?"

"பாத்து விடுறேண்ணே" என்றாள்.

மெதுவான பாட்டு. முதல் சுற்று முழுக்க அவள் தாளத்துக்குத் துணையாக மட்டும் வாசித்தாள். ஓரிடத்தில் சுரம் மாற வேண்டியதைக் கோட்டைவிட்டாள். கூட்டத்தில் பாஸ் கிட்டார் வாசிப்பவர் திரும்பிப் பார்த்து, அடுத்த திருப்பத்தில் தலையசைத்து அவளைச் சேர்த்துக்கொண்டார். யாரும் நிறுத்தவில்லை. அவள் நிமிர்ந்தே இருந்தாள். இரண்டாம் சுற்றில் காலின் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்க, அவருடைய தோள் தாழ்ந்ததைக் கண்டாள். அந்த இடைவெளியில் மூன்றே சுரம் வைத்தாள். மூன்றாவதை மெல்ல வளைத்து ஏற்றி, நிற்க விட்டாள். காலின் திரும்பி அவளைப் பார்த்தார். அடுத்த வரியைக் கூடத்துக்குப் பாடாமல் அவளிடம் பாடினார். பாடிவிட்டு, தேவைக்கு மேலாகவே இடம் விட்டுக் காத்து நின்றார்.

டேரல் உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் எடுத்தவன் வாயில் போடாமல் வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மாதமும் தவறவில்லை. காலையில் மார்ட்டியோடும் உட்காருவாள், அவனிடம் புதிய பாடங்கள் சேர்ந்திருந்தன. வசந்தம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, வேகமான ஒரு பாட்டின் நடுவே அவள் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தினாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"ராஸ், நீ தாளத்தை விட்டு முன்னால ஓடுற" என்றாள்.

"நானா? முப்பது வருசமா வாசிக்கிறேன்."

"முப்பது வருசமா ஓடுறியோ என்னவோ. இப்ப ஓடுற."

பாஸ் வாசிப்பவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். காலின் தாடையைச் சொறிந்துவிட்டு, எனக்கும் மூச்சு வாங்கத்தான் செய்தது என்றார். ராஸ் இருவரையும் முறைத்தாள். பிறகு குச்சிகளைத் தூக்கி, முன்பைவிட ஒரு படி நிதானமாக நாலு எண்ணினாள்.